தரை தொடாத வேட்பாளர்

1970ஆம் வருஷப் பஞ்சாயத்துத் தேர்தலில் புதுவாயலில் தலைவர் பதவிக்கு நின்ற தேசப்பன் ஏறி உட்கார்ந்ததும், வாடகைச் சைக்கிள் தரையிலிருந்து ஒரு முழம் மேலே போயிற்று. அந்த வாரம் புழுங்கலரிசி விலையும் ஏறியிருந்ததால் ஊரில் பலர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அரிசி மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த தேசப்பனுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. சுயேச்சையான அவருக்குக் கிடைத்த சின்னமோ சைக்கிள். "சின்னத்து மேலயே குந்தத் தெரியல, நாற்காலில எப்டிக் குந்துவாரு?" என்று எதிர்த்து நின்ற துளசிராமன் டீக்கடை டீக்கடையாகக் கேட்டுவந்தார். ரோஷம் தாங்காமல், இளைஞர் மன்றம் பெரியபாளையம் வரை நடத்திய சைக்கிள் ஊர்வலத்தில் தேசப்பனும் பெயர் கொடுத்துவிட்டார். வாடகைச் சைக்கிளில் ஏறி, விழப்போகிறோம் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டார். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் வந்தவர்களின் வழுக்கைகள் தெரிந்தன. மற்றவர்கள் பள்ளத்தில் இறங்கி ஏறி, பஞ்சர் ஒட்டி, புழுதி குடித்து வந்து சேர, அவர் வேட்டி கசங்காமல் அம்மன் கோயில் வாசலில் இறங்கினார்.

அது அவருக்குப் பிடித்துப்போயிற்று. அப்புறம் ஓட்டுக் கேட்கப் போனதெல்லாம் சைக்கிளில்தான். மாலை போட வந்தவர்கள் எக்கிப் போட்டார்கள். டயர் தேயவில்லை என்று வாடகைக் கடைக்காரருக்கும் மகிழ்ச்சி. ஆனால் குழாயடியில் பெண்கள் பேசிக்கொண்டது வேறு. "அவுரு மேலாலயே போறாரு. ரோட்டுப் பள்ளம் அவுருக்கு இன்னா தெரியும்?"

அதைக் கேட்ட அவர் மனைவி ஞானம்மா குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்தாள். போன மழையில் அந்த ரோட்டில்தான் மாட்டுவண்டி கவிழ்ந்து அவள் கை ஒடிந்தது. தேசப்பன் தேர்தலில் நின்றதே அதற்காகத்தான்.

தெருவில் மிதந்து வந்தவரை மறித்து, "ஓட்டுக் கேக்க வந்தியா, காத்து வாங்க வந்தியா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் கேரியரில் எகிறி உட்கார்ந்தாள். சைக்கிள் சட்டென்று இறங்கியது. நாலு சுற்றுகூட உருளவில்லை, முன்சக்கரம் பள்ளத்தில் விழுந்து தேசப்பன் சேற்றில் குப்புறக் கிடந்தார். முன்பல் ஒன்று போயிற்று.

எழுந்து பள்ளத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "இன்னாமே, இம்மாம் பெருசா இது?"

"ஒரு வருசமா அதத்தான சொல்லிக்கினு கீறேன்."

வெட்கமாக இருந்தது அவருக்கு. மிச்சத் தெருக்களுக்கு நொண்டிக்கொண்டே நடந்து போனார். ஓட்டை வாயோடு அவர் கேட்ட ஓட்டுகள் விழுந்தன, ஜெயித்தார். மறுவருஷம் தார் ரோடும் வந்தது.

அதன் பிறகும் அவர் தனியாக ஏறினால் சைக்கிள் ஒரு முழம் மேலேதான் போயிற்று. ஞானம்மா பின்னால் உட்கார்ந்தால் ரோட்டில் ஓடிற்று; விழாமல் ஓட்ட அதற்குள் பழகியிருந்தார். சக்கரச் சத்தம் கேட்டால் இரண்டு பேருமாக வருகிறார்கள் என்று ஜனங்கள் மனுக்களை எடுத்துக்கொண்டு வெளியே வருவார்கள். சத்தமில்லாமல் வந்தால், தலைவர் தனியாகப் போகிறார் என்று கொடியில் காயும் துணியைக் கொஞ்சம் ஒதுக்கி வழிவிடுவார்கள்.