நிற்கிற கால்

மின்கம்பியில் தொங்குகிறது அந்த ஜோடி, நாடாக்கள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்ட இரண்டு கேன்வாஸ் ஷூக்கள், எப்போதோ வெள்ளையாக இருந்தவை, பக்கத்தில் ஒரு காக்கை, காற்றுக்கு ஷூக்கள் ஆடுகின்றன, காக்கை ஆடாமல் உட்கார்ந்திருக்கிறது, கையில் சாக்பீஸோடு ஜன்னலோரம் நின்று நான் அதைத்தான் பார்க்கிறேன், பின்னால் பிள்ளைகள் பின்னக் கணக்குப் போடுவதாக நடித்துக்கொண்டிருக்கிறார்கள், கணக்கு முடிந்தால்தான் பந்து, அதுதான் எங்கள் காசிமேட்டுக் கால்பந்துச் சங்கத்தின் சட்டம், நான் இங்கே படித்த அன்றும் அதேதான், இதே தகரக் கூரை, இதே புழுக்கம், இந்த ஜன்னலுக்கு வெளியே இதே மைதானம், மைதானம் என்பது மரியாதைக்குச் சொல்வது, பாதி மண் பாதி கருங்கல் ஜல்லி, துறைமுகத்தில் லாரி ஓட்டிவிட்டுச் சாயங்காலம் வரும் ஏகாம்பரம் அண்ணன் அதில்தான் எங்களை ஓடவிடுவார், பையன் பெண் வித்தியாசமில்லாமல் எல்லோரும் அவருக்கு டேய்தான், டேய் சகாயி, மொதல்ல பாடத்த முடிடா, பந்து எங்கியும் ஓடிடாது.

சகாயராணி, என் சகாயி, நினைத்தால் இப்போதும் பென்சிலைக் கடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், பின்னம் என்றால் அவளுக்குப் பேய்க்கு வேப்பிலை மாதிரி, இன்னாடி இது, மேல ஒரு நம்பரு, கீய ஒரு நம்பரு, நடுவுல எதுக்கு ஒரு கோடு என்கிறாள், நான் அவள் அம்மா பிலோமினா அத்தையின் இறால் கூறுகளை வைத்து அவளுக்குச் சொல்லித்தருகிறேன், ஒரு கூறை நாலு பேருக்குப் பங்கு போடு, அதுல மூணு பங்கு எனக்குக் குடு, உடனே அவளுக்குப் புரிந்துவிடுகிறது, ஏன்டி உனுக்கு மட்டும் மூணு பங்கு என்று சண்டைக்கு வருகிறாள், பிறருக்குச் சொல்லிக்கொடுப்பது எனக்கு வரும் என்று நான் கண்டுகொண்டது அந்தச் சண்டையில்தான்.

யாரோ தானமாகக் கொடுத்த, அடியில் குமிழ் வைத்த பழைய ஸ்டட் ஷூக்கள் ஒரு சாக்கில் வந்து இறங்கின நாள், கொட்டிப் பார்த்தால் பாதிப் பேருக்குக்கூடக் காணாது, அண்ணன் தலையைச் சொறிந்துவிட்டுச் சொன்னார், டேய், ஒதைக்கிற காலுக்கு ஸ்டட்டு, நிக்கிற காலுக்கு உங்க ஸ்கூல் கேன்வாஸு, ஆளுக்கு ஒத்த ஷூ, முட்ஞ்சிச்சி கத. சங்கத்தில் இடது காலால் உதைப்பவர்கள் அரிது என்பதால் எனக்கு அன்று ஏகக் கிராக்கி, மாப்பிள்ளை பார்ப்பதுபோல ஒவ்வொருத்தியும் வந்து என் காலோடு கால் வைத்து அளந்து பார்த்தாள், சகாயியின் பாதம் அச்சாக என் பாதம், அவளுக்கு வலது, எனக்கு இடது, அன்றிலிருந்து ஒரு ஜோடி ஷூவை நாங்கள் இருவரும் போட்டு ஓடினோம், அவள் வலது ஓரம், நான் இடது ஓரம், எதிர் அணிக்காரிகள் எங்கள் கால்களைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், சிரித்து முடிப்பதற்குள் பந்து அவர்கள் வலைக்குள் இருக்கும்.

பள்ளி இறுதி முடிந்தது, சகாயி கணக்கில் தேறிவிட்டாள், பிலோமினா அத்தை சந்தோஷப்பட்டாள், கையோடு சொல்லியும்விட்டாள், அந்தக் காலேஜி வெளயாட்டு சீட்டு கெடச்சா போ, சோறும் தங்கறதும் அவங்களே பாத்துப்பாங்களாம், கெடைக்கலன்னா திங்கக்கெயம எங்கூட ஷெட்டுக்கு வந்துடு, எடம் சொல்லி வச்சிட்டேன். இறால் உரிக்கிற ஷெட், ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறி அத்தையின் விரல் நுனிகள் வெளுத்து வெடித்திருக்கும், அவற்றைப் பார்த்த பிறகு அவள்மேல் யாரும் கோபப்பட முடியாது, சகாயி தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அந்தக் கல்லூரி சீட்டுக்கு நாங்கள் இருவரும் போகவிருந்த விளையாட்டுத் தேர்வுக்கு முந்தின சாயங்காலம் ஏகாம்பரம் அண்ணன் இரண்டு அட்டைப்பெட்டிகளோடு வருகிறார், யார் யாரிடமோ கேட்டு வாங்கிய இரண்டு முழு ஜோடி, புத்தம் புதுசு, ஒத்த ஷூவோட போயி நின்னா இன்னா நெனைப்பாங்க, நாளிக்கி அங்க போயிப் போடுங்கடா, மண்ணு படக்கூடாது. பொங்கல் துணியை யாராவது முதல் நாளே உடுத்துவார்களா, நாங்களும் போட்டுப் பார்க்கவில்லை, என் அம்மா பெட்டியின் நாலு மூலையிலும் மஞ்சள் வைத்தாள், சகாயி தன்னுடையதை மாதா காலடியில் வைத்து எடுத்துவந்தாள், பிறகு இனி எதற்கு இது என்ற திமிரில், அவளுடைய நிற்கிற கால் கேன்வாஸையும் என்னுடையதையும் சேர்த்து முடிந்து கம்பிமேல் வீசினோம், முதல் வீச்சிலேயே சிக்கிக்கொண்டது, நல்ல சகுனம் என்று குதித்தோம்.

கல்லூரி மைதானம் முழுக்கப் புல், அவ்வளவு பச்சையை நான் அதுவரை மிதித்ததில்லை, ஒரே ஒரு சீட்டுதான் பாக்கி என்று விசிலை வாயிலிருந்து எடுத்து, தேர்வு நடத்திய மேடம் சொன்னார், நானும் சகாயியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை, ஆட்டம் தொடங்கியது, சகாயி பந்தை நோக்கி ஓடினாள், வலது காலை வீசினாள், தொப்பென்று விழுந்தாள். எழுந்தாள், மறுபடி விழுந்தாள். எனக்கும் அதே கதி, தட்டையான கேன்வாஸில் ஊன்றியே பழகிய கால் இப்போது ஸ்டட்மேல் ஏறி நிற்கிறது, நிற்கிற கால் திடீரென்று உயரமாகிவிட்டது, உதைக்கிற காலுக்குத் தரை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. தண்ணீர் குடிக்க விட்டபோது சகாயி என்னைப் பார்த்தாள், கண்ணில் ஷெட் தெரிந்தது, நான் குனிந்து அவள் இடது ஷூவின் நாடாவை இழுத்தேன், ஏய் வேணாம்டி, அண்ணன் பாத்தா மன்சு ஒடஞ்சிப்பூடும் என்று காலை இழுத்துக்கொண்டாள், வேலிக்கு வெளியே நின்றிருந்த அண்ணன் இரண்டு கைகளையும் தலையில் வைத்தார், பிறகு மைதானமே திரும்பிப் பார்க்கக் கத்தினார், கயட்டித் தொலைங்கடா, நான் ஒரு லூசு!

ஷூ இல்லாமல் ஆடக்கூடாது என்றார் மேடம், ஒரு கால்லதான் மேடம் இல்ல என்றாள் சகாயி, அதற்குள் சிரிப்பு அவளுக்குத் திரும்பிவிட்டது, அது வந்தால் கூடவே காலும் வரும், வெறும் இடது பாதத்தைப் புல்லில் பதித்து அவள் வலது ஓரத்திலிருந்து அடித்த பந்து என்னிடம் வந்தது, வெறும் வலது பாதத்தில் நின்று நான் உதைத்தேன், உள்ளே, அடுத்ததை அவளே அடித்தாள், அதற்கடுத்ததையும். தியாகம் கியாகம் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம், எனக்கும் அந்த சீட்டு வேண்டித்தான் இருந்தது, ஆனால் அவள் தடுமாறினால் என் கால் ஓடாது, அவ்வளவுதான். முடிந்ததும் மேடம் ஒரு காகிதத்தோடு நின்று கூப்பிட்டார், அந்த ஒத்த ஷூ பொண்ண வரச் சொல்லுங்க. நாங்கள் இரண்டு பேரும் போய் நின்றோம். மேடம் எங்கள் கால்களைப் பார்த்தார், கொஞ்ச நேரம் பார்த்தார், வலது கால்ல போட்டிருக்கிற பொண்ணு என்றார்.

திரும்பி வரும் மின்சார ரயிலில் நான் அழுதேன், சந்தோஷமா வருத்தமா என்று கேட்டால் மூன்று பங்கு அது, ஒரு பங்கு இது, சகாயி என் இடது ஷூவை மடியில் வைத்துக்கொண்டு பேசின் பிரிட்ஜ் வரைக்கும் அதன் மண்ணைத் தட்டிக்கொண்டே வந்தாள், அண்ணன் எனக்குப் போண்டா வாங்கித் தந்தார், உனுக்குக் கணக்கு கீதுடா, அவளுக்குக் காலு மட்டும்தான் கீது என்றார், சமாதானமாகத்தான் சொன்னார், அதுவே பலித்தும்விட்டது, சகாயி இன்று போளூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சர், நான் இங்கே, இந்த ஜன்னலோரம், மூட்டு வலியோடு நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளைகளை டேய் போடும் அண்ணனோடு.

டீச்சர், ஏணி வந்துகீது என்று ஒருத்தி கத்துகிறாள், கம்பிகளைத் தரைக்குள் பதிக்கிறார்களாம், மின்வாரியத்துக்காரர் ஏறுகிறார், காக்கை பறக்கிறது, பின்னங்களைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பிள்ளைகள் ஓடுகிறார்கள், நானும்தான் ஓடுகிறேன், அவர் இறக்கித் தந்த ஷூக்களைக் கையில் வாங்கிப் பார்த்தால் வெயில் தின்று துணி பொடிகிறது, முடிச்சு மட்டும் கல்லாக இறுகிக் கிடக்கிறது, சகாயிக்குப் போன் போட்டுச் சொல்கிறேன், பின்னால் அவள் பிள்ளைகளின் விசில் சத்தம், அவுத்துட்டியாடி என்கிறாள், இல்லடி என்கிறேன், அவுக்காத, நான் வர்றேன் என்று சொல்லி வைத்துவிடுகிறாள். ஏணியை மடக்கிக்கொண்டே அந்த மனிதர் கேட்கிறார், யாருதும்மா இது? ரெண்டு பேருதுண்ணே என்கிறேன். அவர் குனிந்து பார்க்கிறார், எடது ஒண்ணு, வலது ஒண்ணு, ஒரே சைஸு, ஒரு ஜோடிதானம்மா இது? கண் கலங்கி எனக்கு ஷூ சரியாகத் தெரியவில்லை. ஆமாண்ணே, ஒரு ஜோடிதான்.