பாதிக் கூடாரம்

விவாகரத்தின்போது ஃபிரிட்ஜ் அவருக்குப் போயிற்று, அவருடைய தங்கை எனக்கு வந்தாள். கட்டில், பீரோ, இரண்டு மின்விசிறி என்று எல்லாவற்றுக்கும் காகிதத்தில் ஒரு வரி இருந்தது. நாத்தனாருக்கு ஒரு வரி போட யாருக்கும் தோன்றவில்லை, வக்கீலும் கேட்கவில்லை. கையெழுத்தான அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் பாட்டுக்கு வந்து என் கதவைத் தட்டி, "அண்ணி, காபி இருக்கா?" என்றாள். மூன்று வருடமாக ஞாயிறு தவறியதில்லை. அவள் குடியிருப்பது அண்ணன் வீட்டில். வாரத்தில் ஆறு நாள் அவருக்கு, ஒரு நாள் எனக்கு. இந்தப் பங்கீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

காட்டுக்குள் நான்கு நாள் நடந்துவிட்டு வரலாம் என்பது அவள் யோசனை. அவள் வேலை ஆஸ்பத்திரி மருந்துக் கடையில். யாரோ ஒரு நோயாளி ஜன்னலில் விட்டுவிட்டுப் போன பத்திரிகையில் படித்தாளாம்.

"இதுல ஓட்டல் செலவே இல்ல அண்ணி."

"ஏன்?"

"ஓட்டலே இல்ல."

முதுகில் ஒரு பை, அதற்குள் வீடு. நடக்க வேண்டியது, இருட்டினால் கூடாரம் போட வேண்டியது. எனக்கு நாற்பத்து மூன்று வயது, அதுவரை மாடிப்படியைத் தவிர எதிலும் ஏறியதில்லை. சரி என்றேன். அவள் கேட்டு நான் இல்லை என்று சொல்லிப் பழக்கம் கிடையாது.

செலவைக் குறைக்க எல்லாம் பழையதாக வாங்கினோம். என் பையை முன்பு வைத்திருந்தவர் அதன் மூடியில் மையால் தன் ரத்த வகையை எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு என்னுடையதை எழுதினேன். படுக்க மெத்தை வாங்கவில்லை. நான் பார்சல் ஆபீஸ் கவுண்டரில் வேலை செய்கிறேன், உடையும் பொருளைச் சுற்றுகிற பபுள் ஷீட் அங்கே மிஞ்சிக் கிடக்கும். இரண்டு அடுக்கு விரித்து என் வீட்டுத் தரையில் படுத்துப் பார்த்தோம். ஒவ்வொரு முறை புரளும்போதும் படபடவென்று வெடித்தது. கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறி வந்து ஏதாவது உடைந்துவிட்டதா என்று கேட்டார். "இல்லை, படுத்திருக்கிறோம்" என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

சாப்பாட்டுப் பொறுப்பு அவளுடையது. தேயிலை, சர்க்கரை, பால் பொடி, ஓட்ஸ், வேர்க்கடலை எல்லாவற்றையும் மாத்திரை போடுகிற குட்டிப் பைகளில் வேளைக்கு ஒன்றாகக் கட்டி, கடை ஸ்டிக்கரையே ஒட்டிக் கொண்டுவந்தாள். தேயிலைமேல் 'காலை 1, வெறும் வயிற்றில்' என்றிருந்தது. வேர்க்கடலைமேல் 'தேவைப்பட்டால் மட்டும்.'

கூடாரம் மட்டும் புதிது. ஆளுக்குப் பாதிப் பணம் போட்டோம், பாதி பாதியாகவே சுமப்பது என்றும் முடிவாயிற்று. துணி என் பையில், கம்பிகளும் முளைகளும் அவள் பையில். அடுப்பு அவளிடம், அதற்கான கேஸ் என்னிடம். யாராவது ஒருத்தி வராவிட்டால் இன்னொருத்தியிடம் துணி இருக்கும், வீடு இருக்காது. இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வெளியில் சொல்லவில்லை.

எடை பார்ப்பது என் இலாகா. பதினெட்டு வருடமாக அதைத்தானே செய்கிறேன். ஒவ்வொரு பொருளாக ஆபீசுக்கு எடுத்துப் போய், கூட்டம் இல்லாத நேரத்தில் கவுண்டர் தராசில் வைத்து, வருகிற சீட்டைக் கிழித்து நோட்டில் ஒட்டினேன். ஐம்பத்திரண்டு பொருள், முப்பத்தோரு கிலோ. எங்கள் உடம்புக்கு ஆளுக்குப் பதினொன்றுதான் தாங்கும் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. வெட்ட ஆரம்பித்தேன். இரண்டாவது ஸ்பூன் போயிற்று. துண்டைக் கத்தரித்துப் பாதியாக்கினேன். பல் துலக்கும் பிரஷ்களின் காம்பை அறுத்தேன். அவளுடைய ஸ்வெட்டரில் ஒன்றைக் கழித்தபோது மட்டும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு கொடுத்துவிட்டாள். கடைசியில் முப்பத்தாறு பொருள், இருபத்திரண்டு கிலோ. ஆளுக்குப் பதினொன்று. நோட்டில் கீழே இரண்டு கோடு போட்டேன்.

கிளம்ப வேண்டியது வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி பஸ்சில். அந்த வாரம் திங்கட்கிழமை கவுண்டர் போன் அடித்தது. அவளுடைய அண்ணன். இப்போதெல்லாம் அவரை நான் அப்படித்தான் நினைத்துக்கொள்வது.

"நல்லா இருக்கியா?"

"இருக்கேன். பார்சலா?"

"இல்ல. வர்ற வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ஒரு கல்யாணம்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

வாழ்த்துச் சொன்னேன். எதிரில் ஒருவர் டேபிள் ஃபேனை அட்டைப்பெட்டி இல்லாமல் அப்படியே அனுப்ப முடியுமா என்று கேட்டுக்கொண்டு நின்றார். கொஞ்சம் பொறுங்கள் என்று கை காட்டினேன்.

"தங்கச்சி சாட்சிக் கையெழுத்துப் போட வரமாட்டேங்கறா. உன்கூட காட்டுக்குப் போறாளாம்."

"வேற நாள் வெச்சுக்கலாமே."

"வேற நாள் வேணும்னா ரெண்டு மாசம் ஆகுமாம். எனக்காகச் சொல்லல. அவ வரலைன்னா வரப்போறவங்க என்ன நினைப்பாங்க? நாளைக்கு ஒரே வீட்ல இருந்தாகணும். நீ சொன்னாதான் அவ கேப்பா."

பன்னிரண்டு வருடக் குடித்தனத்தில் அவர் வாயிலிருந்து வந்த நியாயமான பேச்சு இது ஒன்றுதான். அதுதான் எரிச்சலாக இருந்தது. பார்க்கிறேன் என்று போனை வைத்துவிட்டு, ஃபேன்காரரிடம் முடியாது என்று தேவைக்கு அதிகமாகவே கண்டிப்பாகச் சொன்னேன்.

அவள் என்னிடம் மூச்சு விடவில்லை. அண்ணன் கல்யாணத்தைத் தள்ளிவிட்டு என்னோடு வருகிறாள் என்பதில் முதலில் சந்தோஷம்தான் வந்தது, மறைப்பானேன். அப்புறம் பயம் வந்தது. வரப்போகிறவளும் அவளுக்கு அண்ணிதான். ஒரே வீட்டில் இருக்கிற அண்ணி, தினமும் காபி போட்டுத் தருகிற அண்ணி. மூன்று தெரு தாண்டி, மூன்று மாடி ஏறி ஒரு பழைய அண்ணியைப் பார்க்க எத்தனை ஞாயிற்றுக்கிழமை வருவாள்?

அவளைப் போகச் சொல்வதுதான் சரி. எனக்குத் தெரியும். ஆனால் என்னிடம் ஒரு சாக்கு இருந்தது. அவள் வராவிட்டால் இந்தப் பயணமே இல்லை, இருபத்திரண்டு கிலோவை ஒருத்தி சுமக்க முடியாது, அனுமதிக்காக வன அலுவலகத்தில் கட்டிய பணம் திரும்பி வராது. அந்தச் சாக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் ஓட்டினேன்.

புதன்கிழமை காலை, ஆபீஸ் திறக்குமுன் இரண்டு பைகளையும் ஆட்டோவில் கொண்டுபோனேன். தனியாகப் போக முடியாது என்று தராசே சொல்லிவிட்டால் என் மனசாட்சிக்கு ஒரு ரசீது கிடைத்த மாதிரி. இரண்டையும் சேர்த்துத் தூக்கி வைத்தேன். திரை பன்னிரண்டு கிலோ நானூறு கிராம் காட்டியது. தராசைத் தட்டினேன். பன்னிரண்டு நானூறுதான்.

சீட்டு நோட்டை எடுத்துப் பார்த்தபோதுதான் விளங்கிற்று. எங்கள் தராசு எடையைத் திரையில் சரியாகத்தான் காட்டும். சீட்டில் அச்சாவது கட்டணத்துக்கான எடை. அரைக் கிலோவுக்குக் குறைந்தது எல்லாம் அரைக் கிலோ, அதைத் தாண்டினால் ஒரு கிலோ. பதினெட்டு வருடம் அந்தச் சீட்டையே கிழித்துக் கிழித்து, திரை என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டேன். ஸ்பூன் அரைக் கிலோ. தீப்பெட்டி அரைக் கிலோ. நான் காம்பை அறுத்த பிரஷ், அறுப்பதற்கு முன்னும் அரைக் கிலோ, அறுத்த பின்னும் அரைக் கிலோ. இரண்டையும் தனித்தனியாக நானே ஒட்டியிருக்கிறேன்.

அவளுடைய பை, போர்வை, சாப்பாடு போக, கூடாரம் முழுதும் சேர்த்து நான் ஒருத்தி சுமக்க வேண்டியது எட்டுக் கிலோதான். தாராளமாகத் தூக்கலாம். அதாவது எனக்கு அவள் தேவையில்லை. இதைவிட மோசமான செய்தி அந்தக் கவுண்டருக்கு வந்து நான் பார்த்ததில்லை.

யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று பதினோரு மணிவரை நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அவளுக்குப் போன் செய்து, சாயங்காலம் வா என்றேன்.

வந்தாள். பைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தாள். தராசு விஷயத்தைச் சொன்னேன். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"மருந்துக் கடையில நிக்கறேன் அண்ணி. ஸ்பூன் அரைக் கிலோ இருக்காதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் சொல்லல? ஸ்வெட்டரை வேற குடுத்தே."

அவள் ஒரு காலுறையை எடுத்து ஓட்டை இருக்கிறதா என்று உள்ளே கைவிட்டுப் பார்த்தாள். "ஒரு ஆள் தூக்கற எடைதான்னு தெரிஞ்சா, என்னை விட்டுட்டு நீங்க மட்டும் கிளம்பிட்டீங்கன்னா?"

எழுந்து போய்க் காபி போட்டேன். தம்ளரை அவள் கையில் கொடுத்தபிறகுதான் பேச முடிந்தது.

"உங்க அண்ணன் போன் பண்ணினார்."

"பண்ணிட்டாரா?"

"கல்யாணத்துக்குப் போ. நாளைக்கு அவங்களோட ஒரே சமையல்கட்டுல நிக்கப் போறது நீதான். முதல் நாளே மனசுல கசப்பு வேண்டாம்."

"நீங்க?"

"எட்டுக் கிலோதானே. நான் தனியா போய்க்கறேன்."

"போகச் சொல்றீங்களா?"

"சொல்றேன்."

காபியைக் குடித்து முடித்தாள். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"பையை வெச்சுட்டுப் போ. கம்பி அதுலதான் இருக்கு."

"தெரியும்."

"கம்பி இல்லாம நான் கூடாரத்தை என்ன பண்றது?"

"போத்திக்கிட்டுப் படுங்க." படியில் இரண்டு இறங்கினவள் நின்றாள். "வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கும் ஒரு பஸ் இருக்கு."

"அதுல போனா முதல் நாள் போச்சு."

"போகட்டும்," என்று இறங்கிப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை ஆறு மணி பஸ்சில் நான் ஏறவில்லை. துணியை மட்டும் வைத்துக்கொண்டு காட்டில் என்ன செய்ய? பன்னிரண்டரைக்கே போய் பஸ் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். சாட்சிக் கையெழுத்துக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும், அதே ஆபீசில்தான் எனக்கும் கல்யாணம் ஆயிற்று. கையெழுத்து பதினோரு மணி, போட்டோ பதினொன்றரை. அதற்கப்புறம்தான் சிக்கல். சாப்பாடு இருக்கும். புது மனிதர்கள் இருப்பார்கள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போ என்பார்கள், இன்றைக்குப் போய்க் காட்டுக்கா என்பார்கள், அவர்கள் சொல்வதும் சரியாகத்தான் இருக்கும். பஸ்சுக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருக்கும்போது டிரைவர் ஏறினார். நான் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றேன், ஏறவும் இல்லை, விலகவும் இல்லை.

"பத்து கிலோ இருக்குமா? லக்கேஜ் போடணும்," என்றார் கண்டக்டர்.

"ஆறு கிலோ இருநூறு."

"ஏறுறீங்களா, இல்லையா?"

அப்போது அவள் வந்தாள். மேலே கல்யாண உடுப்பு, இஸ்திரி மடிப்புக் கலையாமல். கீழே மலையேறுகிற பூட்ஸ். முதுகில் பை, கையில் ஒரு டப்பா. ஓடிவரவில்லை, அவசரமில்லாமல் நடந்து வந்து, "ஏறுங்க அண்ணி, வழியை மறிச்சுக்கிட்டு நிக்கறீங்க," என்றாள்.

பஸ் ஊரைத் தாண்டும்வரை அவள்தான் பேசினாள். கையெழுத்துப் போடும்போதுகூடப் பையைக் கழற்றவில்லையாம். கழற்றினால் யாராவது எடுத்து ஒளித்துவிடுவார்களோ என்று சந்தேகம். கல்யாணப் போட்டோ எல்லாவற்றிலும் மாப்பிள்ளையின் காதுக்குப் பக்கத்தில் எங்கள் அலுமினியப் பாத்திரம் தொங்குகிறதாம்.

"அவங்க எப்படி?"

"நல்லவங்க மாதிரிதான் தெரியறாங்க."

"என்னன்னு கூப்பிட்டே?" ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டுதான் கேட்டேன்.

"அண்ணின்னுதான். வேற என்னன்னு கூப்பிட?"

"அதுவும் சரிதான்," என்றேன். சரியாகத்தான் இருந்தது. மூன்று வருடமாக எனக்கென்று இருந்த ஒரே சொத்து, கையெழுத்துப் போட்ட அன்றே கைமாறிவிட்டது. வெளியே ஒரு சிமெண்டு கோடவுன் போயிற்று, அதற்குப் பின்னால் இன்னொரு கோடவுன்.

"நான் கிளம்பறப்ப அவங்க கேட்டாங்க, பையோட எங்கேன்னு. அண்ணிகூட காட்டுக்குன்னேன். நான் இங்கதானே நிக்கறேன்னு முழிச்சாங்க. எங்க அண்ணன் செவுத்தைப் பார்க்கறாரு."

"அப்புறம்?"

"நீங்க இல்ல, எங்க பெரியண்ணின்னு சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"சாப்பாடு வெச்சிருந்த ரூமுக்குள்ள போய் இதைக் கட்டிக் கொண்டாந்தாங்க. பெரியண்ணிக்குக் குடுன்னாங்க." டப்பாவை என் மடியில் வைத்தாள். இன்னும் சூடாக இருந்தது.

பெரியண்ணி. எனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். பத்து வயது கூடின மாதிரி இருந்தது. டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அழுகை நிற்கிறவரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். அதற்குள் அவள் வாயைத் திறந்தபடி என் தோளில் தூங்கிப் போயிருந்தாள்.