சுடாத போல்ட்

விடுப்பு முடிந்து வந்தவள் முதலில் தொட்டுப் பார்த்தது ஓவனைத்தான். ஜில்லென்று கிடந்தது. பக்கத்திலேயே முலாம் பூசின போல்ட்டுகள் ஒரு தட்டு நிறைய, பளபளவென்று. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போல்ட் செய்யும் அந்தக் கம்பெனி அவளும் அண்ணனும் சேர்ந்து நடத்துவது. ஆர்டர், ஆட்கள், லாரி எல்லாம் அண்ணன். உலோகம் படித்தவள் என்பதால் சோதனைக்கூடம் அவளுடையது. போல்ட்டின் எஃகு லேசுப்பட்டதில்லை. மைக்ராஸ்கோப்பில் ஊசி ஊசியாகத் தெரியும். அவ்வளவு கெட்டி, அவ்வளவு வீம்பு. முலாம் தொட்டியில் முக்கும்போது ஹைட்ரஜன் வாயு உள்ளே புகுந்துவிடும். உடனே ஓவனில் சுட்டு அதை விரட்டாவிட்டால், அப்போதைக்கு எப்படி இழுத்தாலும் தாங்கும். இறுக்கி மாட்டிய பிறகு ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் படக்கென்று உடைந்து போகும். இதை அண்ணன் காதில் அவள் ஓதாத நாளில்லை.

தட்டிலிருந்து சில போல்ட்டுகளை எடுத்து, தாங்குகிறதா பார்க்கலாமென்று கனத்த இரும்புக் கட்டையில் இறுக்கி வைத்தாள். மத்தியானம்தான் அண்ணன் ஆடி அசைந்து வந்தான்.

"ஓவன் ஏண்ணா போடல?"

"லாரி நின்னுட்டிருந்துச்சு. இழுத்துப் பாத்தோம், ஜம்முனு தாங்குச்சு. இது மிச்சம், மத்ததெல்லாம் போன வாரமே அனுப்பியாச்சு. இந்நேரம் கிரேன்லயே மாட்டியிருப்பாங்க."

கிரேன் உச்சியில் ஒரு கூண்டு இருக்கும். அதில் ஒரு ஆள் இருப்பான்.

"உனக்கு மண்டையில மசாலாவே இல்லியா? மேல ஆள் உக்காந்திருப்பான்!"

"கத்தாத. கேஸ் புகுந்து இரும்பு உடையுமாம்! வெளிய சொல்லிடாதம்மா, சிரிப்பாங்க."

டமாரென்று ஒரு சத்தம். கட்டையிலிருந்த ஒரு போல்ட்டின் தலை தெறித்து, சுவரில் மோதி, அண்ணன் காலடியில் உருண்டது. அவள் அதை எடுத்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். உடைந்த இடம் கற்கண்டைப் பிளந்த மாதிரி மின்னியது.

"சிரி! இப்ப சிரிண்ணா!"

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. "திருப்பிக் கொண்டாந்து சுட்டுடலாம்."

"உள்ள விரிசல் விட்டிருக்கும். இனிமே சுட்டா என்ன, அவிச்சா என்ன?"

"அப்ப ஏதாவது சாக்கு சொல்லி மெதுவா மாத்துவோம். வெளிய தெரிஞ்சா நம்ம பொழப்பு நாறிடும்."

அவள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த கிரேன் நிற்கும் கட்டட வேலையின் மேஸ்திரிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"கிரேன்ல இருக்கற ஆள உடனே கீழ இறக்குங்க. எங்க போல்ட் சரியில்ல. தப்பு எங்களோடதுதான்."

மேஸ்திரியின் குரல் உயர்ந்தது. "என்ன மேடம் சொல்றீங்க? சோதிச்சாச்சான்னு நாங்க கேட்டோமே! மேடமே பாத்து ஓகே பண்ணிட்டாங்கன்னு உங்கண்ணன் சொன்னாரே. உங்க பேச்ச நம்பித்தான் மாட்டினோம்."

அவள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான் பாக்கவே இல்ல. ஆள இறக்குங்க."

போனில் கத்தல்கள், விசில், நெடுநேரம் காற்றின் இரைச்சல். கடைசியில் மூச்சு வாங்கியபடி வேறொரு குரல் வந்தது. "நான்தாங்க கிரேன் ஓட்டறவன். இறங்கிட்டேன். என்னாச்சு? இவ்ளோ நாளா எதுமேல உக்காந்திருந்தேன்?"

அவள் போனை அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "நீ சொல்லு."

"ஹலோ? யாராவது சொல்லுங்களேன்," என்றது அந்தக் குரல்.

அண்ணன் ஒரு எட்டு பின்னால் போனான். அவள் கையை இறக்கவே இல்லை.