கன்றிப்போகும் கால்

1

இந்தக் கதை என் இடது கட்டைவிரலில் பிறந்தது. ஓய்வுபெற்ற மறுவாரம், பண்டாரவளை வீட்டில் ஆணி அடிக்கப்போய் விரலை அடித்துக்கொண்டேன். நான் போட்ட சத்தத்தில் பதுளை ரயில் பெரகலையிலேயே நின்றுவிட்டது. (பெரகலையில் தண்டவாளமே கிடையாது. அவ்வளவு சத்தம்.)

நகம் ஊதாவானது. அந்த வாரமே, 2006இல், ஒரு விஞ்ஞான சஞ்சிகையில் படித்தேன்: கண்ணாடி நாரும் பிசினும் சேர்த்துச் செய்யும் பொருளுக்குள் மயிரிழைக் குழாய்களில் சாயம் நிரப்பி வைக்கிறார்களாம். உள்ளே கீறல் விழுந்தால் குழாய் உடைந்து சாயம் கசியும். நம் தோலைப் போலவே பொருளும் கன்றிப்போய், அடிபட்ட இடத்தைத் தானே காட்டிக்கொடுக்கும்.

இதில் ஒரு கால் செய்தால்?

2

தொடக்கம் ஒன்று: "மலைச்சரிவில் மூடுபனி மெல்ல..." வேண்டாம். ஊவா மலைப்பக்கத்தில் மூடுபனி இல்லாமல் ஒரு கதையாவது இருக்கட்டும்.

தொடக்கம் இரண்டு: இராக்கம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். லொறி கவிழ்ந்ததில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பதுளையில் செயற்கைக் கால் செய்யும் சிவானுஜா, யாழ்ப்பாணத்துப் பெண், பரீட்சார்த்தமாக அவளுக்கு இந்தக் கன்றும் காலைச் செய்து கொடுக்கிறாள். ஊதா தெரிந்தால் உடனே கொண்டுவர வேண்டும் என்பது பேச்சு.

(முதல் பிரதியில் சாயம் மண்ணிறம். தோட்டத்தில் கை, கூடை, பல் எல்லாமே அந்த நிறந்தான். கால் மூன்று தடவை விரிசல் விட்டும் யாரும் கவனிக்கவில்லை. அந்தப் பிரதியை எரித்துத் தேநீர் போட்டேன்.)

3

சிக்கல் இங்கே. கால் ஊதாவாகிவிட்டது, இராக்கம்மா கொண்டுபோகவில்லை. திருத்த ஒரு மாதமாகும். அதுவரை அவளைக் கொழுந்து பறிக்க மலைக்கு விடமாட்டார்கள். பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளுக்குத் தொட்டில் ஆட்ட வைப்பார்கள். விபத்துக்குப் பின் இரண்டு வருடம் அங்கே கிடந்தவள். மறுபடி போனால் திரும்பி வரமுடியாது என்று அவளுக்குத் தெரியும்.

செடியின் ஈரம் படாமல் இடுப்பில் சுற்றும் படங்குச் சாக்கை எல்லாரும் முழங்காலோடு நிறுத்துவார்கள். இவள் கணுக்கால்வரை இறக்கிக் கட்டினாள். காலையில் ஆட்கள் கூடி வேலை பிரியும் பெரட்டுக்களத்தில் கங்காணி மாடசாமியின் கண்ணில் அது பட்டது.

"என்னா இராக்கு, தரையக் கூட்டவா வந்த?"

"நீங்கதான் கூட்ட மாட்டேங்குறீங்களே, கங்காணி."

(இங்கே அவள் தனியாகப் போய் அழவேண்டும் என்று திட்டம். "அவள் கண்களில்..." என்று எழுதியும் பார்த்தேன். அழ மறுத்துவிட்டாள்.)

4

முடிவு அ: சரிவில் கால் முறிகிறது. இராக்கம்மா உருண்டு சுற்றுலா ஊரான எல்ல வரை போய்ச்சேர, வெள்ளைக்காரர்கள் வரிசையில் நின்று படம் எடுக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு. ஆனால் மிச்சமிருக்கும் காலும் போய்விடும். அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: சிவானுஜா மாற்றுக் காலோடு வருகிறாள். மாற்றுக் கால் இருந்தால் இவள் ஏன் ஒளிக்கிறாள்? இதையும் அடித்துவிட்டேன்.

5

காலைச் சோதிக்கும் முறைநாளுக்கு சிவானுஜா வெறுங்கையோடுதான் வந்தாள். அதே பெரட்டு, மறுநாள் காலை.

"அக்கா, காலை ஒருக்காக் காட்டுங்கோ."

"ஒண்ணுமில்லீங்க மிஸ். வலியே இல்ல."

"உங்களுக்கு நோகாது. அதுக்குத்தான் நிறம் வச்சனான்."

"எனக்கு வலிச்சப்பவே நான் யாருகிட்டயும் காட்டுனதில்லீங்க. இந்தக் காலு மட்டும் ஏன் காட்டணும்?"

"சரிவில முறிஞ்சால்?"

"மலையிலதானே முறியும்? முறியட்டும்."

சிவானுஜா குனிந்து படங்கின் ஓரத்தைப் பிடித்தாள். இராக்கம்மா அந்தக் கையைப் பிடித்தாள். மாடசாமி பெயர் கூப்பிடத் தொடங்கினார்.

தூக்கினால் மாடசாமி பார்த்துவிடுவார். தூக்காவிட்டால் அந்தக் கால் இன்று மலை ஏறும். எத்தனை தடவை எழுதியும் அந்தக் கையை என்னால் உயர்த்த முடியவில்லை, விடுவிக்கவும் முடியவில்லை. ஆகவே வாசகரே, கொஞ்சம் குனியுங்கள். சிவானுஜாவின் கை இருந்த இடத்தில் உங்கள் கையை வையுங்கள்.

"இராக்கம்மா!" என்று கங்காணி கூப்பிட்டுவிட்டார்.

அவள் இன்னும் பதில் குரல் கொடுக்கவில்லை. உங்களைத்தான் பார்க்கிறாள்.