டைகருக்குத் தெரிந்த காலடி

குலாம் ரசூல் சைதாப்பேட்டை கோர்ட்டில் முப்பது வருஷம் ஜப்தி செய்யும் அமீனாவாக இருந்தவர். மயிலாப்பூரில் அவர் தலைப்பாகை தெருமுனையில் தெரிந்தாலே பீடியை மறைப்பவர்கள் உண்டு. அப்பேர்ப்பட்டவர் கொல்லையில் ஒரு நாய் கட்டிக்கிடந்தது. மகன் ஷரீஃப் பட்டாளத்துக்குப் புறப்பட்டபோது, "அத்தா, டைகரைப் பாத்துக்குங்க" என்று கேட்டிருந்தான். வேறு எதுவும் கேட்கவில்லை.

சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்த பிறகு, ஷரீஃபைக் காணவில்லை என்று தந்தி வந்தது.

அன்றிலிருந்து மருமகள் ஜஹனாராதான் நாய்க்குச் சோறு வைத்தாள். கல்யாணமாகி இருபதே நாள் அவனோடு வாழ்ந்தவள். நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கொஞ்ச நாளில் அவளுக்கு இழுப்பு கண்டது. மூச்சு விடும்போது நெஞ்சில் விசில் ஊதியது.

குலாம் ரசூலுக்குக் கோபம் வந்தது. பள்ளிவாசல் பெரியவர்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு, சைதாப்பேட்டையில் சம்பந்தி அக்பர் பாஷா வீட்டில் மருமகளைக் கொண்டுபோய் விட்டார்.

"நோவை மறைச்சுக் கட்டி வச்சிட்டீங்க, பாய். எங்க வம்சத்துல இது கிடையாது."

"இன்னா சாயபு இப்டி பேசறீங்க? எம்பொண்ணு இங்க இருந்த வரைக்கும் தும்முனதுகூட கிடையாது!"

பதினைந்து நாள் கழித்து அந்தப் பக்கம் போன குலாம் ரசூல், கிணற்றடியில் ஜஹனாரா தண்ணீர் இழுப்பதைப் பார்த்தார்.

"நல்லா பாத்துக்கினு போங்க. நாலாவது கொடம். எங்க இழுக்குது?" என்றார் அக்பர் பாஷா.

குலாம் ரசூல் அவளை ஜட்காவில் ஏற்றி வீட்டுக்கு அழைத்து வந்தார். கொல்லைக் கதவைத் திறந்ததும் டைகர் பாய்ந்து அவள் முகத்தை நக்கியது. நாக்குப் பட்ட இடமெல்லாம் தடித்துச் சிவந்தது. அந்தி மஃரிப் தொழுகைக்குள் நெஞ்சில் அதே விசில். அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நின்றார். ஜட்காவில் அவளைச் சைதாப்பேட்டைக்கே திருப்பி அனுப்பினார்.

மறுநாள் விடிந்ததும் நாயைச் சாந்தோம் குப்பத்துக்கு நடத்திக்கொண்டு போய், சின்னப்பையன் என்ற மீன்காரனிடம் கயிற்றைக் கொடுத்தார்.

"கடிக்குமா சாயபு?"

"சொன்ன பேச்சு கேக்கும்."

பிறகு அதே பெரியவர்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு சைதாப்பேட்டைக்குப் போனார். தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் சொன்னது தப்பு, பாய். உங்க பொண்ணுகிட்ட குறை இல்ல. நோவு என் வீட்டுலதான் இருந்துச்சு. நாயை அனுப்பிட்டேன்."

அக்பர் பாஷா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். திரைக்குப் பின்னாலிருந்து ஜஹனாராவின் குரல் வந்தது.

"டைகரை எங்க அனுப்பினீங்க, மாமா?"

"இனிமே நீ தாராளமா வரலாம்மா."

"நான் இங்கியே இருந்துக்கினு இருப்பேனே. ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? இருபது நாள் பாத்த என் முகம் அவருக்கு ஞாபகம் இருக்குமோ இன்னாவோ. அவர் வந்தா, காலடி கேட்டு ஓடிப் போறதுக்கு அது ஒண்ணுதானே இருந்துச்சு?"

குலாம் ரசூல் எழுந்து குப்பத்துக்கு விரைந்தார். சின்னப்பையன் அறுந்த கயிற்றைக் காட்டினான்.

"அப்பவே கடிச்சு அறுத்துக்கினு ஓடிடிச்சி. உங்க வூட்டுக்குத்தான் வந்திருக்கும்னு நெனச்சேன்."

நாய் வீட்டுக்கு வரவில்லை.

தெருவில் ஒரு நாளும் குரலை உயர்த்தாத மனிதர், தலைப்பாகை இல்லாமல், "டைகர்! டைகர்!" என்று கூவிக்கொண்டே சந்து சந்தாகப் போனார். முனையில் நின்றவர்கள் பீடியை மறைக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.