சுருதியில் விழுந்த வசவு

போடி கடைத்தெருவில் ஏலக்காய்க் கமிஷன் கடை ஒன்றின் மாடியில் ரேணுகா ஒலிப்பதிவு அறை ஒன்று வைத்திருந்தாள். கீழே காய் சலிக்கிற சத்தம் ஓயும் மதிய வேளையில்தான் அவளால் மைக்கைத் திறக்க முடியும். ஜவுளிக்கடை விளம்பரம், காதுகுத்து அழைப்பு, தேர்தல் வந்தால் ஓட்டுக் கேட்கிற குரல் என்று எது வந்தாலும் செய்து கொடுப்பாள். ஆனால் அவளுக்குப் பேர் வாங்கித் தந்தது வேறு. சுருதி பிசகின பாட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பிசகினதே தெரியாமல் சரிக்கட்டிவிடுவதில் சுற்றுவட்டாரத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை.

அந்தப் பேரைக் கேள்விப்பட்டுத்தான் ராசிங்காபுரம் உக்கிரபாண்டி, மனைவி சந்திரவல்லியோடு மாடியேறி வந்தார். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருப்பவர். அறுபதை ஒட்டிய வயது. இந்தச் சரிவில் நின்று கூப்பிட்டால் அடுத்த சரிவில் காய் எடுக்கும் பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அப்படி ஒரு தொண்டை.

"ஊர்ப் பொங்கலுக்கு அம்மன் மேல ஒரு பாட்டு எழுதிருக்கேன் தாயி. ரேடியோ செட்டுல போடணும். நானே பாடணும்னு ஆசை" என்றார்.

பாடினார். ரேணுகா ஹெட்போனைக் காதிலிருந்து மெல்ல நகர்த்தி வைத்துக்கொண்டாள். முதல் அடி ஒரு சுருதியில் கிளம்பி, இரண்டாம் அடி வேறொன்றுக்குச் சறுக்கி, மூன்றாம் அடியில் பாட்டு தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் திண்டாடியது. சந்திரவல்லி சுவரில் ஒட்டியிருந்த பஞ்சு அட்டையை விரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதைச் சரிசெய்ய ரேணுகாவுக்கு மூன்று நாள் பிடித்தது. அவள் வைத்திருந்த மென்பொருளில், பாடுகிற ஒவ்வொரு சுரமும் திரையில் ஒரு சின்னப் புழுவைப் போலத் தெரியும். நிற்க வேண்டிய கோட்டை விட்டு அது மேலேயோ கீழேயோ நெளிந்தால், பிடித்து இழுத்துக் கோட்டில் உட்கார வைக்க வேண்டும். ரொம்ப இழுத்தால் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஆகிவிடும். உக்கிரபாண்டியின் புழுக்களோ வீடு தங்காத ரகம். ஆனாலும் வேலை முடிந்து கேட்டபோது அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. அந்தத் தொண்டையின் கனம் அப்படியே இருந்தது. தள்ளாட்டம் மட்டும் காணோம்.

நாலாம் நாள் மனைவியோடு மறுபடி வந்து கேட்டு முடித்த உக்கிரபாண்டி ஹெட்போனைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது.

"நானா தாயி இது?"

"நீங்கதாங்கய்யா. கொஞ்சம் அங்கங்க..."

"சின்னப் பிள்ளையில வாத்தியாரு என்னையப் பிரேயர்ல பாடக் கூடாதுன்னு நிறுத்திட்டாரு. ஒன்னால மத்த பிள்ளைகளும் கெட்டுப்போகுதுன்னாரு. அம்பது வருசமா நானும் அத நம்பிக்கிட்டு இருந்துருக்கேன் பாரு!"

அதற்குமேல் அந்த 'அங்கங்க' என்னவென்று சொல்ல ரேணுகாவுக்கு நாக்கு எழவில்லை. சந்திரவல்லி மட்டும் படியிறங்கும்போது திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பா முறைப்பா என்று பிடிபடவில்லை.

பதினைந்து நாள் கழித்து, தோட்டத்துக் கங்காணி பாண்டியம்மாள் மூச்சு வாங்க மாடியேறி வந்தாள்.

"மிசினு வச்சுருக்கவ நீதான? எங்க மொதலாளிய என்ன பண்ணுன?"

"ஏன்க்கா, என்னாச்சு?"

"முன்னெல்லாம் ஜீப்ப விட்டு எறங்குவாரு, நாலு சத்தம் போடுவாரு, போயிருவாரு. நாங்களும் எங்க சோலியப் பாப்போம். இப்பப் பாடுறாரு! ஜீப்புல பாடுறாரு, காய் நிறுக்கையில பாடுறாரு. நேத்து ஒருத்தி ஆன வந்துருச்சுன்னு கூடையப் போட்டுட்டு ஓடியேபோயிட்டா."

ரேணுகா சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"சிரிக்காத. ஊருக்குள்ள தெனமும் அந்தப் பாட்டத்தான் போடுறாக. பங்காளி வேலுச்சாமி இருக்காரே, 'இது ஒன் தொண்டையே இல்ல, ஆள் வச்சுப் பாடிருக்க'ன்னு நாலு பேரு முன்னாடி சொல்லிட்டாரு. இவருக்கு ரோசம் வந்துருச்சு. பொங்கலன்னைக்கு மேடையேறி நானே பாடிக் காட்டுறேன்னுட்டாரு. வெரசா ஏதாவது செய்யி ஆத்தா."

ரேணுகா உடனே உக்கிரபாண்டிக்குப் போன் போட்டாள். அறையில் பாடுவது வேறு, மேடை வேறு என்று எப்படி எப்படியோ சொல்லிப் பார்த்தாள்.

"நீ பக்கத்துல வந்து நில்லு தாயி, அது போதும். ஒனக்கு ராசியான கை" என்று அவர் வைத்துவிட்டார்.

உண்மையைச் சொல்ல இன்னொரு தடவை வாய்த்தது, அதையும் விட்டுவிட்டாள். பதிலாக ஒரு வழி கண்டுபிடித்தாள். பாடும்போதே திருத்துகிற வசதியும் அந்த மென்பொருளில் உண்டு. மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் லேப்டாப்பை வைத்துச் சுருதியைக் குறித்துவிட்டால், உள்ளே எது போனாலும் வெளியே பக்கத்தில் இருக்கிற சரியான சுரத்தில் வந்து விழும். ராசிங்காபுரத்துக்குப் பஸ்சு ஏறும்போது, செய்வது நல்லதா கெட்டதா என்று அவள் யோசிக்கவே இல்லை. அவர் முகம் வாடிவிடக் கூடாது என்பதுதான் மனசில் இருந்தது.

பொங்கல் சாயங்காலம் கோயில் முன்னால் கூட்டம் நெரிந்தது. மேடைக்கு ஓரமாக வேலுச்சாமி தன் ஜீப்பை நிறுத்தி, உள்ளே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். உக்கிரபாண்டி வெள்ளை வேட்டி சட்டையில் மைக்கைப் பிடித்தார். முதல் அடி வெளியே வந்ததும் கூட்டம் அசந்தது. வேலுச்சாமி காலைக் கீழே இறக்கினார். இரண்டாவது அடியில் பெண்கள் குலவை போட்டார்கள். ரேணுகாவுக்கு மூச்சு வந்தது.

வேலுச்சாமிக்கு அங்கே உட்கார முடியவில்லை போலும். ஜீப்பைக் கிளப்பிப் பின்னால் எடுத்தார். சக்கரம் ஸ்பீக்கர் வயர் மேல் ஏறப் போனது. உக்கிரபாண்டி பாட்டை விட்டுவிட்டு மைக்கிலேயே கத்தினார்.

"டேய் வேலுச்சாமி! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? வயரு மேல ஏத்துறான் பாரு! எடுறா ஜீப்ப, வெளங்காதவனே!"

அவர் பேசுவார் என்பதை ரேணுகா நினைத்துப் பார்க்கவே இல்லை. நான்கு ஸ்பீக்கரிலும் அந்த வசவு ராகமாக வந்தது. 'பொடனியிலயா' ஒரு வளைவு வளைந்து ஏறியது. 'வெளங்காதவனே' மேல் சுரத்தில் போய்ப் புல்லாங்குழல் மாதிரி நின்றது.

கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு யாரோ ஒருவன் 'க்ளுக்' என்றான். அவ்வளவுதான், மொத்த ஊரும் சிரித்தது.

"என்னடா சிரிப்பு?" என்றார் உக்கிரபாண்டி. அதுவும் இனிமையாக வந்தது.

அவருக்கு உறைத்தது. லேசாகத் தொண்டையைச் செருமிப் பார்த்தார். செருமலும் சுருதியோடு சேர்ந்தது. மெதுவாகத் திரும்பி ரேணுகாவையும் அவள் முன்னால் இருந்த லேப்டாப்பையும் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. பிரேயரிலிருந்து நிறுத்தப்பட்ட பையனின் முகம் அது. ரேணுகாவுக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அப்போது பெண்கள் பக்கமிருந்து சந்திரவல்லி எழுந்தார்.

"ஏன் நிறுத்திட்டீக? முப்பத்தேழு வருசமா ஒங்க வசவக் கேக்குறேன். இன்னைக்குத்தான் காதுக்கு எதமா இருக்கு. இன்னுங் கொஞ்சம் வையிங்க!"

சிரிப்பு இரண்டு மடங்கானது. உக்கிரபாண்டியின் மீசை ஒரு பக்கம் துடித்தது, மறுபக்கமும் துடித்தது. மைக்கை வாய்க்கருகே கொண்டுபோனார்.

"அப்பிடியா? இந்தா கேட்டுக்கங்க!"

வேலுச்சாமியை இன்னொரு தடவை வைதார். போடிமெட்டில் ஜீப்புக்குள் புகுந்து சோற்றுப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போன குரங்குகளை வைதார். சமயத்தில் காலை வாரும் மழையை வைதார். மேளக்காரர்கள் பின்னால் தாளம் சேர்த்தார்கள். வேலுச்சாமியே ஜீப்பின் பானெட்டில் தட்டிக்கொண்டு, "பங்காளி, என்னைய இன்னொருக்கா வையி" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் மதியம் உக்கிரபாண்டி தனியாக மாடியேறி வந்தார்.

"நான் பாடுனத ஒண்ணுஞ் செய்யாம அப்பிடியே போடு தாயி."

போட்டாள். கடைசி வரை கேட்டார்.

"வாத்தியாரு தப்பாச் சொல்லல" என்றார்.

"அன்னைக்கே சொல்லிருக்கணும். தப்புத்தாங்கய்யா. ஒங்க கண்ணுல தண்ணியப் பாத்ததும் சொல்ல வரல."

"சொல்லிருக்கணும்தான்." கொஞ்சம் யோசித்தார். "ஆனா அத்தன நாளும் எனக்குக் காலு தரையில பாவல. அத நான் இல்லைன்னு சொல்லக் கூடாது. ஏந் தாயி, முழுக்கவா கோணலு? ஒரு எடங்கூடவா சரியா வரல?"

அப்படி ஒரு கேள்வியை ரேணுகாவிடம் யாரும் கேட்டதில்லை. கோணல் எங்கே என்று பார்த்துப் பழகின கண் அவளுடையது. திரையைப் பெரிதாக்கி, திருத்தாத பாட்டை முதலிலிருந்து நகர்த்தினாள். பல்லவியில் ஒன்றும் தேறவில்லை. அடுத்ததிலும் இல்லை. உக்கிரபாண்டி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். கடைசிச் சரணத்தில், ஒரு மூச்சு விட்டு 'ஆத்தா' என்று நீட்டி அழைத்த இடத்தில், புழு நெளியாமல் கோட்டின் மேல் நேராகப் படுத்திருந்தது.

"இதுல நான் கையே வைக்கலங்கய்யா. இது முழுசா ஒங்களோடது."

"போடு."

போட்டாள். இன்னொரு தடவை கேட்டார். பத்துத் தடவையாவது கேட்டிருப்பார். பிறகு செல்போனை எடுத்து நீட்டினார்.

"இத மட்டும் வெட்டி, மணி அடிக்கிறதுக்குப் பதிலா வச்சுக் குடு."

வைத்துக் கொடுத்தாள். அவர் படியிறங்கிப் பாதி தூரம் போயிருப்பார், போன் அடித்தது. "சந்திரவல்லியாத்தான் இருக்கும்" என்று மேலே பார்த்துச் சொன்னார். எடுக்கவில்லை. கீழே மறுபடி காய் சலிக்கத் தொடங்கியிருந்தவர்கள் சல்லடையை நிறுத்திவிட்டுப் பார்க்க, படியிலேயே நின்று, அது தானாக ஓயும்வரை முழுசாகக் கேட்டார்.