எள்ளுப்பாகுப் பாதை

மச்சாள் ஒரு செம்புத் தண்ணீரை அப்படியே கவிழ்த்தபோது அண்ணை மாதிரிக்கு வந்த கற்பலகையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். தண்ணீர் பலகையில் ஒரு கணமும் தங்கவில்லை. கல்லுக்குள் புகுந்து, கீழால் இறங்கி, அண்ணையின் வெள்ளை வேட்டியை நனைத்துவிட்டது.

"ஐயோ, என்னப்பா செய்யிறீர்?" என்று அவர் துள்ளி எழும்பினார்.

"பாத்தியளே, போகுது!" என்று மச்சாள் வெறும் செம்பைத் தூக்கிக் காட்டினார்.

அண்ணையினதும் மச்சாளினதும் மகன் தர்சன் இலண்டனில் இருக்கிறான். போன மார்கழியில் வந்தபோது அவன் வாடகைக்குப் பிடித்து வந்த வான் வாசல் படலையடிச் சேற்றில் புதைந்துபோக, சந்தியில் நின்ற பெடியள் ஆறு பேர் வந்துதான் தள்ளிவிட்டார்கள். தன் பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்ததை அவனால் தாங்க முடியவில்லை. அடுத்த மார்கழிக்குள் படலையிலிருந்து போட்டிக்கோ வரை ரெசின் பாதை போட்டாக வேண்டும் என்று நின்றான். யாழ்ப்பாணத்தில் அந்த வேலை எடுக்கும் சுலக்சனோடு பேசி, இரண்டு மாதிரிப் பலகைகளையும் எங்களுக்கு அனுப்ப வைத்தான்.

ரெசின் என்பது ஒரு பசை. ஒரு வகையில் சின்னக் கற்களை அந்தப் பசையில் போட்டுப் பிரட்டி எடுத்துப் பரவி, மேலே தேய்த்து விடுவார்கள். மற்றதில் பசையை முதலில் தரையில் பூசிவிட்டு, அதன் மேல் கல்லைத் தூவுவார்கள். சுலக்சன் போனில் அரை மணி நேரம் விளங்கப்படுத்தியதை மச்சாள் இரண்டு தின்பண்டத்தை வைத்து ஒரே வரியில் முடித்துவிட்டார்: "ஒண்டு எள்ளுப்பாகு. மற்றது சீனி பணிஸ்."

அண்ணைக்கு, மேலே கல் தூவிய சீனி பணிஸ்தான் பிடித்திருந்தது. வெயிலில் மினுங்கியது. முன் ரோட்டால் குறிகட்டுவான் பஸ்ஸில் போகிற சனத்துக்கும் தெரியும் என்றார். ஆனால் அதன் மேல் ஊற்றிய தண்ணீர் ஓரத்தால் வழிந்து ஓடியது. பூசிய பசை அடியில் தோல் மாதிரிக் கிடந்து, ஒரு சொட்டையும் கீழே விடவில்லை.

பாதை போகப்போகிற இடத்திலிருந்து எட்டடி தள்ளி எங்கள் கிணறு இருக்கிறது. எங்கள் என்று சொல்கிறேன். எங்களைப் பெற்ற ஐயா காணி பிரித்தபோது அண்ணைக்கு வீட்டையும் எனக்குப் பக்கத்து வளவையும் எழுதினார். என் காணி உறுதிப் பத்திரத்தில் கிணற்றில் பங்கும் வழியும் உண்டென்று ஒரு வரி சேர்த்துவிட்டுப் போனார். என் வளவில் எங்கே தோண்டினாலும் உவர். இந்தத் தீவில் நல்ல தண்ணீர் என்பது, ஐப்பசி கார்த்திகை மழை மண்ணுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய ஆடைபோல் தங்குவதுதான். புரட்டாதி வந்தால் அந்தக் கிணறும் நாக்கில் லேசாகக் கரிக்கும். முன்வளவை மூடி மழையை ரோட்டுக்கு ஓடவிட்டால் பிறகு நான் வாளியோடு தண்ணீர் பவுசர் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. மருமகன் ஆசைப்பட்டுச் செய்கிற வேலை. உறுதியைத் தூக்கிக்கொண்டு போய் அண்ணன் வாசலில் நிற்கிற தங்கச்சியாக இருக்க எனக்கு மனமில்லை. நான் விழுங்கியதை மச்சாள் செம்பால் சொல்லிவிட்டார்.

"சரி சரி, எள்ளுப்பாகையே போடுவம்," என்று அண்ணை வேட்டி மாற்ற உள்ளே போனார்.

ஆவணியில் சுலக்சன் ஆட்களோடும் கலவை மெசினோடும் வந்தான். நான் தண்ணீர் அள்ளிக்கொண்டு திரும்பும்போது அவன் அண்ணைக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்: "முதல் நாலு அங்குலம் கொங்கிறீற் போட்டு இறுக்குவம் ஐயா. அது காய்ஞ்சாப் பிறகு மேலதான் இது."

என் கால் நின்றுவிட்டது. வாளியைக் கீழே வைத்தேன். அண்ணை என்னைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். பிறகு விறாந்தைக்குப் போய் அந்த எள்ளுப்பாகுப் பலகையைத் தூக்கிவந்து சீமெந்துப் படியில் வைத்தார்.

"கேதீஸ், உந்த வாளியை இஞ்சை கொண்டுவா," என்று என்னைக் கூப்பிட்டார்.

ஊற்றினார். தண்ணீர் கல்லுக்குள் போனது. போனதெல்லாம் அடியில் படியில் முட்டி, நாலு பக்கத்தாலும் வெளியே வந்து, படியிறங்கிச் சுலக்சனின் சப்பாத்துக்குள் போனது.

"தம்பி, கீழ சீமெந்தெண்டால் மேல என்னத்தைப் போட்டும் என்ன? அதுக்கு நான் பணிஸையே போட்டிருப்பனே. என்ர வேட்டி சும்மாவே நனைஞ்சது?"

சுலக்சன் தலையைச் சொறிந்தான். முருங்கைக்குக் கீழே நடந்து நடந்து கொழும்புக் கம்பனியோடு போனில் கதைத்தான். திரும்பி வரும்போது முகத்தில் சிரிப்பு இருந்தது.

"ஏலும் ஐயா. சல்லிக்கல்லை அடுக்கி இறுக்கிப்போட்டு, அதுக்கு மேல மணல் சேராத கொங்கிறீற் கலவை. அதுக்குள்ளால தண்ணி இறங்கும். ஆனா வேலை ஒரு கிழமை கூடுதலாச் செல்லும். பிறகு பாரமான லொறியள் ஏத்தேலாது."

"லொறி ஆர் கொண்டுவாறது? மகன்ர வான் ஒண்டு. பிறகு என்ர பாடை. அதுவும் நான் மெலிஞ்ச ஆள்தானே."

"வாயைக் கழுவுங்கோ!" என்று குசினிக்குள்ளிருந்து மச்சாளின் சத்தம் வந்தது.

வாளி வெறுமையாகிவிட்டதால் நான் மறுபடியும் கிணற்றடிக்குப் போனேன். இந்த முறை அண்ணை பின்னால் வந்து கப்பியில் கயிற்றை இழுத்தார். "உனக்கு வாய் எங்கை போனது?" என்று கேட்டார். நான் வாளியை எட்டிப் பிடித்துக் கிணற்றுக் கட்டில் இறக்கினேன்.

பாதை போட்டு முடிந்து, ஐப்பசியில் முதல் பெருமழை மத்தியானம் பிடித்தது. நாங்கள் மூவரும் போட்டிக்கோவில் நின்றோம். சுலக்சன் விட்டுப்போன வர்ணப் படத்தாளைக் கிழித்து அண்ணை ஒரு கப்பல் செய்தார்.

"ஓடிச்செண்டால் நீர் எனக்குச் சீனி பணிஸ் வாங்கித் தரவேணும்," என்று மச்சாளிடம் சொன்னார்.

"ஓடாட்டில்?"

"ஓடாட்டில் நான் எள்ளு இடிக்கிறன்."

"உலக்கை பிடிக்கத் தெரியுமோ உங்களுக்கு?" என்றார் மச்சாள்.

படலைக்கு வெளியே ரோட்டில் கலங்கல் தண்ணீர் சருகுகளை இழுத்துக்கொண்டு ஓடியது. பாதையில் மழை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. கிணறு கரிக்குமா இல்லையா என்பது அடுத்த புரட்டாதிக்குத்தான் தெரியும். அண்ணை தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு இறங்கி, பாதையில் குந்தியிருந்து, கப்பலை ஒரு விரலால் மெல்லத் தள்ளினார். பிறகு இன்னொரு தரம் தள்ளினார்.

அது ஈரக் கல்லின் மேல் ஒரு பக்கம் சரிந்து, நின்ற இடத்திலேயே நின்றது.